நிலத்தடி அறை நிறையப் பழைய சாமான், 75,000 ரூபாவுக்குள் ஒழுங்குபடுத்த வழி?

கடலோரம்06 கேட்டது:

கொழும்பு வெள்ளவத்தையில காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் நடுவில சரிவான ஒழுங்கை. வீட்டுக்குக் கீழ 14 அடிக்கு 11 அடி அறை ஒன்று, பாதி நிலத்துக்குள்ள. உயரம் 8 அடி, ஒழுங்கைப் பக்கம் கூரையோட ஒட்டின மாதிரி ஒரு சின்ன ஜன்னல். வருசக்கணக்கா எல்லாரும் இறக்கி வைச்ச சாமான் தலைக்கு மேல அடுக்கிக் கிடக்கு: கார்ட்போர்ட் பெட்டிகள், பழைய ரீவி, கொலுப் பொம்மைகள், பித்தளை, கனடா போன ஆக்கள் விட்டுப்போன சூட்கேஸ்கள், பெரியப்பாவின்ர புத்தகங்கள், இரண்டு வெறும் காஸ் சிலிண்டர். உள்ளுக்குள்ள போனா பூஞ்சண மணம். 75,000 ரூபாவுக்கு மேல செலவழிக்க ஏலாது. எங்க தொடங்கிறது? இறாக்கை முதலா, துப்புரவு முதலா?

---

சீமெந்துச்சாந்து

இரண்டும் இல்லை, ஈரம்தான் முதல். பூஞ்சண மணம் இருக்கிற அறைக்குள் புது இறாக்கை பூட்டினால் அடுத்த மாரியில் அதுவும் பூக்கும்.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கச் செலவே இல்லாத வழி ஒன்று இருக்கிறது. ஒன்றரை அடிச் சதுரமான பொலித்தீன் துண்டைத் துடைத்த தரையில் வைத்து, நாலு பக்கமும் இடைவெளி இல்லாமல் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். சுவரிலும் தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் ஒன்று ஒட்டுங்கள். பிரிக்கும்போது பொலித்தீனின் உட்பக்கம் நனைந்திருந்தால் நீர் மண்ணிலிருந்தோ குழாயிலிருந்தோ வருகிறது. வெளிப்பக்கம் மட்டும் நனைந்திருந்தால் காற்றின் ஈரம். இரண்டுக்கும் மருந்து வேறு. இது தெரியாமல் வோட்டர்புரூஃப் பெயின்ற் வாங்கி அடிப்பதில்தான் பெரும்பாலான காசு வீணாகிறது. மண்பக்கம் இருந்து தள்ளும் ஈரத்துக்கு அறைக்குள் அடித்த பெயின்ற் நிற்காது, கொப்பளித்துக் கழன்று விழும்.

ஒரு சின்ன டிஜிட்டல் ஈரமானி வாங்குங்கள். மலிவானவை 5, 10 புள்ளி பிழையாகக் காட்டும், அதனால் முதலில் சரிபார்க்க வேண்டும். ஒரு போத்தல் மூடியில் சாப்பாட்டு உப்பைப் போட்டு, ஈர மணல் மாதிரி ஆகும் அளவுக்குச் சில துளி தண்ணீர் விட்டு, மானியோடு சேர்த்துக் காற்றுப்புகாத பைக்குள் ஒரு இரவு வையுங்கள். 75 வீதம் காட்ட வேண்டும். 81 காட்டினால் இனி எப்போதும் 6ஐக் கழித்துக்கொள்ளுங்கள்.

சுவர் வியர்க்கவில்லையே என்று நம்பிவிட வேண்டாம். கொழும்பில் காற்று எப்போதும் ஈரம் கூடியது. மண்ணை ஒட்டிய சுவர் அறைக் காற்றை விட ஒன்றிரண்டு பாகை குளிர்ந்திருந்தாலே போதும், சுவர்த் தோலில் ஈரப்பதன் 80 வீதத்தைத் தாண்டிவிடும். பூஞ்சணத்துக்கு அது தாராளம், துளி நீர் தேவையில்லை. சுவரோடு அணைத்து வைத்த பெட்டியின் பின்பக்கம் கறுத்து, முன்பக்கம் புதிதாக இருப்பது இதனால்தான். எதை வைத்தாலும் சுவருக்கும் சாமானுக்கும் 3 அங்குலம் விடுங்கள்.

வேலையைத் தை, மாசிக்குத் தள்ளிப்போட முடிந்தால் நல்லது. மே முதல் தென்மேல் பருவமழை, ஒக்டோபர் நவம்பரில் இடைப்பருவ மழை. மழை விட்ட உடனே ஜன்னலைத் திறந்துவைத்தால் ஈரத்தை உள்ளே அழைப்பதாகத்தான் முடியும். வெயில் ஏறிய பிறகு, 11 மணிக்கும் 3 மணிக்கும் இடையில் ஃபான் போட்டுக் காற்றை வெளியே தள்ளுங்கள்.

சுவரில் வெள்ளையாய் உப்புப் பூத்திருந்தால் தண்ணீரால் கழுவ வேண்டாம், உப்பு கரைந்து திரும்ப உள்ளே போகும். உலர்ந்த தூரிகையால் உரசி அள்ளி எறியுங்கள். கழன்ற பெயின்றைச் சுரண்டிவிட்டுச் சுண்ணாம்பு அடியுங்கள், மூன்று மெல்லிய பூச்சு. சுவர் மூச்சு விடும், சுண்ணாம்பின் காரத்தில் பூஞ்சணம் எளிதில் ஏறாது, பெயின்றை விட மலிவு. கையில் ஒட்டும் என்பதுதான் குறை.

---

பழையசோனகத்தெரு

அண்ணை சொன்ன ஈர வேலை முடிஞ்ச பிறகு இறாக்கைக்கு வாங்கோ. ரெடிமேட் அலுமாரி வேண்டாம். எம்டிஎஃப், பார்ட்டிகிள் போர்ட் மாதிரி மரத்தூள் அமத்தின பலகை எதுவும் அந்த அறைக்குச் சரிவராது, ஈரம் குடிச்சு உப்பி ஆணி கழன்டு வரும். துளை போட்ட ஆங்கிள் இரும்புதான் சரி. பழைய சோனகத் தெரு, குவாரி வீதிப் பக்கம் நாலு கடையில விலை கேட்டுட்டு வாங்கோ.

அளவு சொல்லுறன். ஒரு இறாக்கை 6 அடி உயரம், 3 அடி அகலம், நாலு தட்டு. ஆழத்தை எல்லாரும் 18 அங்குலம் எண்டு போடுவினம். நீங்கள் 16 போடுங்கோ. 8க்கு 4 பிளைவூட்டில 18 அங்குல ஆழத்துக்கு 5 தட்டுத்தான் வரும், 16 எண்டால் 7 வரும். மூன்று இறாக்கைக்கு 12 தட்டு, இரண்டு பலகையோட முடியும். 18 போட்டா மூன்றாவது பலகை வாங்கவேணும்.

இரும்பு 10 அடி நீளமா எடுத்தா மூன்று இறாக்கைக்கு 19 நீளம். மொத்த அடியைக் கூட்டிப் பார்த்தா 176 வரும், 18 போதுமெண்டு கடைக்காரர் சொல்லுவார். வெட்டேக்குள்ள காணாமப் போகும். இப்பிடி வெட்டுங்கோ: 8 நீளத்தில ஒவ்வொண்டிலயும் ஒரு 6 அடிக் காலும் மூன்று 16 அங்குலத் துண்டும். 4 நீளத்தில 6 அடிக் காலும் ஒரு 3 அடித் துண்டும். மிச்சம் 7 நீளத்தில மூன்று மூன்று அடியா. கால் 12, குறுக்குத் துண்டு 24, நீளத் துண்டு 25 வரும், ஒண்டு மிச்சம். மிஞ்சிற ஒரு அடித் துண்டுகளை எறியாதேங்கோ, மூலைக்குச் சாய்வா முட்டுக் குடுக்க உதவும். முட்டு இல்லாட்டி இறாக்கை முழுக்கச் சாய்ஞ்சு ஒரு பக்கம் சரிஞ்சு நிக்கும். இறாக்கை ஆடுற வீடுகளில பத்துக்கு ஒன்பதில காரணம் இதுதான், நட் இறுக்காதது இல்லை.

நட்-போல்ட் ஒரு தட்டு மூலைக்கு இரண்டு, முட்டுக்கு வேற. இறாக்கைக்கு ஐம்பதா மூன்றுக்கு 150 எடுங்கோ. கடற்கரை காற்றுக்கு வெட்டின முனைதான் முதல்ல துருப்பிடிக்கும், வெட்டினவுடன ரெட் ஒக்சைட் தொட்டுவிடுங்கோ. காலுக்கு றப்பர் சப்பாத்து போடுங்கோ. பிளைவூட் 12 மில்லிமீற்றர், நாலு விளிம்புக்கும் இரண்டு தரம் வார்னிஷ். ஈரம் மேலால ஏறுறதில்லை, விளிம்பாலதான் ஏறும்.

அடித்தட்டு தரையிலயிருந்து 12 அங்குலம். பிறகு 19 அங்குலத்துக்கு ஒண்டு. பாரம் அடித்தட்டில, மேல்தட்டில பொம்மை, துணி மாதிரி இலேசானது. மேல் மூலையைச் சுவரோட ஒரு ஆங்கிள் துண்டால பூட்டுங்கோ, 3 அங்குல இடைவெளியும் அப்பத்தான் நிலைக்கும்.

இரும்பும் பலகையும் உங்கட காசில பெரும் பங்கை எடுக்கும். கைமீறினா மூன்றாவதைக் கல் இறாக்கையாக் கட்டுங்கோ: 6 அங்குல சீமெந்துக் கல் 15, ஆறடிப் பலகை மூன்று வரிசை. முதல் வரிசைக்குக் கீழ ஒரு கல், பிறகு இரண்டிரண்டு கல், மூன்று இடத்தில தாங்கு. பலகைக்கு மூன்று அடிக்கு மேல தாங்கில்லாம விட்டா வளையும். நாலடி உயரத்துக்கு மேல சாந்தில்லாம அடுக்கவேண்டாம்.

நடுவில இன்னொரு வரிசை போடலாமெண்டு ஆசை வரும். போடாதேங்கோ. இரண்டு நீளச் சுவரோட நிப்பாட்டினா நடுவில ஏழு அடி கிடைக்கும், பெட்டி இறக்கிப் பிரிக்க அது வேணும்.

---

கடலோரம்06

மிக்க நன்றி. பொலித்தீன் இன்றைக்கே ஒட்டுறன். இரண்டு விசயம் மிச்சம். ஒண்டு, கனடாக்காரரின்ர சூட்கேஸ்கள், பெரியப்பாவின்ர புத்தகங்கள். கேக்காம எறிஞ்சா சண்டை, வைச்சிருந்தா இடமில்லை. மற்றது, காற்றின்ர ஈரத்தை இழுக்கிற டீஹியுமிடிஃபையர் மெசின் ஒண்டு வாங்கினா எல்லாம் சரியெண்டு ஒரு சொந்தக்காரர் சொல்லுறார். ஒன்லைனில மலிவா சின்னது ஒண்டு பார்த்தன்.

---

தும்புத்தடி

அறையை முழுதாக வெளியே இறக்காதீர்கள். ஒரு மூலையில் நாலுக்கு நாலு அடி மட்டும் எடுத்து முடித்துவிட்டுத்தான் அடுத்தது. எல்லாவற்றையும் முற்றத்தில் பரப்பினால் பின்னேர மழைக்குள் அள்ளி ஓடி, பிரித்ததும் பிரிக்காததும் கலந்து உள்ளே போகும்.

பிரிக்கிற ஒழுங்கும் முக்கியம். முதலில் சந்தேகமே இல்லாத குப்பை: நனைந்த கார்ட்போர்ட், உடைந்த பிளாஸ்டிக், பூஞ்சணம் உள்ளே இறங்கிய தலையணை, மெத்தை. அடுத்தது மற்றவர்களின் சாமான். உங்கள் சாமான் கடைசி. உங்களுடையதிலிருந்து தொடங்கினால் முதல் போட்டோ அல்பத்தோடு வேலை நின்றுவிடும்.

வெளிநாட்டுக்காரரின் சூட்கேஸைத் திறந்து, உள்ளே இருப்பதைப் பாயில் பரப்பி, ஒரு சூட்கேஸுக்கு ஒரு படம் எடுத்து இலக்கம் போட்டு குடும்ப வட்ஸ்அப்பில் போடுங்கள். "என்ன செய்யிறது?" என்று கேட்டால் ஆறு மாதத்துக்கு மறுமொழி வராது. "3ஆம் இலக்கத்தில் என்ன வேண்டும் என்று இந்த மாதம் 30க்குள் சொல்லுங்கோ, சொல்லாதது கொடுக்கப்படும்" என்று தேதியோடு போடுங்கள். ஆளுக்கு ஒரு பெட்டி என்று அளவு வையுங்கள். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், பழைய கடவுச்சீட்டு, நகைச் சீட்டு எது வந்தாலும் அது கீழறைக்கு உரியதல்ல, அன்றைக்கே மேலே போகவேண்டும். சூட்கேஸின் உட்துணிக்குப் பின்னாலும் ஸிப் பைகளையும் தடவிப் பாருங்கள், கடுதாசி அங்கேதான் ஒளிந்திருக்கும்.

புத்தகத்தைப் போத்தல் பேப்பர்காரரிடம் நிறுத்துப் போடுவதற்கு முன் ஒருக்கால் பிரியுங்கள். சஞ்சிகை, பாடசாலை ஆண்டு மலர், கோயில் கும்பாபிஷேக மலர், நினைவு மலர், ஊர்ச் சங்க வெளியீடு இவற்றை வேறாக வையுங்கள். அச்சடித்தது கொஞ்சம், மிஞ்சியது அதிலும் கொஞ்சம். நூலக நிறுவனம் இலங்கைத் தமிழ் வெளியீடுகளை ஸ்கேன் பண்ணி இணையத்தில் வைக்கிறது. அவர்களின் பட்டியலில் பெயரைத் தேடி, இல்லாததைப் பற்றி எழுதிக் கேளுங்கள். உங்கள் பக்கத்திலேயே கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகமும் இருக்கிறது, பட்டியலோடு போய்க் கேட்கலாம். பாடப் புத்தகம், பழைய டெலிபோன் டிரெக்டரி, ஆங்கில வார இதழ் எல்லாம் தயக்கமில்லாமல் எடைக்கு.

புத்தகத்துக்குள் வெள்ளி நிறத்தில் வழுக்கி ஓடும் பூச்சி இராமபாணம். பசையையும் காகிதத்தையும் தின்னும். புத்தகத்தை உதறி, காற்றுப்புகாத பைக்குள் போட்டு ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைத்தால் சாகும். எடுத்தவுடன் பையைத் திறக்க வேண்டாம், அறைச் சூட்டுக்கு வந்த பிறகு திறவுங்கள், இல்லாவிட்டால் பக்கம் வியர்க்கும். சுவரோரம் மண் குழாய் மாதிரிக் கோடு ஓடினால் அது கறையான். அதைக் கூட்டித் துடைத்து அழகாக்கிவிட்டு மருந்துக்காரரைக் கூப்பிட்டால் அவருக்கு வழி தெரியாது. காட்டிவிட்டுப் பிறகு துடையுங்கள்.

எலிப்புழுக்கை இருந்தால் காய்ந்த தும்புத்தடியால் கூட்டவே கூடாது. ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து தெளித்து, பத்து நிமிடம் ஊறவிட்டு, கையுறையோடு ஈரத்துணியால் அள்ளுங்கள். கையில் காயம் இருந்தால் மூடிக்கொண்டு இறங்குங்கள், எலிக்காய்ச்சல் அந்த வழியாகவும் வரும். பிளீச்சோடு டொய்லெட் கழுவும் அசிட்டையோ அமோனியா சேர்ந்த கிளீனரையோ கலக்கவேண்டாம். நஞ்சு வாயு வரும், சின்ன ஜன்னல் அறையில் அது மேலே ஏறாமல் உங்களைச் சுற்றியே நிற்கும்.

ரியூப் லைட்டும் சிஎஃப்எல் குமிழும் உடைக்காமல் பெட்டியில் வையுங்கள், பாதரசம் இருக்கிறது. பழைய ரீவி, கம்பியூட்டரை மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதி பெற்ற மின்கழிவு சேகரிப்பாளரிடம் கொடுங்கள். பழைய இரும்புக்காரர் செம்புக் கம்பிக்காக ரீவியை ஒழுங்கையிலேயே உடைத்துவிட்டு மிச்சத்தை விட்டுப்போவார். பித்தளை விற்கிறதென்றால் இரும்போடு சேர்த்து நிறுக்க விடாதீர்கள், வேறாகக் கட்டி வேறாக விலை கேளுங்கள்.

---

சீமெந்துச்சாந்து

டீஹியுமிடிஃபையர் பற்றி. கணக்குப் பார்த்தால் தெரியும். உங்கள் அறை ஏறத்தாழ 35 கனமீற்றர். 28 பாகையில் 80 வீத ஈரத்தை 55க்கு இறக்க, காற்றில் நிற்கும் தண்ணீர் கால் லீற்றர் அளவுதான். ஆனால் கதவிடுக்காலும் ஜன்னலாலும் மணிக்கு அரைவாசிக் காற்று மாறினால் ஒரு நாளுக்குப் புதிதாக வருவது மூன்று லீற்றருக்குக் கிட்ட. ஒன்லைனில் பார்க்கிற கையடக்கமானது ஒரு நாளுக்கு அரை லீற்றர் எடுத்தாலே பெரிய காரியம். அலுமாரிக்குள் தொங்கவிடும் பை நாலைந்து நாளில் நிறைந்துவிடும். இரண்டும் இந்த அறைக்கு விளையாட்டுச் சாமான்.

கொம்பிரசர் உள்ளது வேலை செய்யும். 250 வொட் என்று வைத்தால் ஒரு நாள் 8 மணித்தியாலத்துக்கு 2 அலகு, மாதம் 60. வீட்டு மின்கட்டணம் படிமுறையாக ஏறுவதால் இந்த 60 உங்களை மேல் படிக்குத் தள்ளினால் பில் முழுதும் கூடும், அதை முதலில் பாருங்கள். 75,000க்குள் இறாக்கையும் இதுவும் வராது. என் தெரிவு என்றால் இந்த வருடம் சுண்ணாம்பு, ஃபான், இறாக்கை. ஈரமானி மழைக்காலத்திலும் 70க்குக் கீழே இறங்காவிட்டால் அடுத்த வருடம் அதைப் பற்றி யோசிக்கலாம்.

---

நாலாம்மாடி

எல்லாரும் சொன்னதோடு இரண்டு மூன்று. வெறும் சிலிண்டர் எண்டு நீங்கள் எழுதினது எனக்கு முதல் கண்ணில பட்டது. வெறுமெண்டு நினைக்கிற சிலிண்டரிலயும் கொஞ்சம் காஸ் நிற்கும், சமையல் காஸ் காற்றை விடப் பாரமானது, கீழறையில வெளியேற வழியில்லாமல் தரையோட படுத்திருக்கும். சுவிட்ச் போடுற பொறி போதும். இன்றைக்கே மேலே, வெளியில வையுங்கோ. 2022 எரிபொருள் வரிசைக் காலத்தில கேனில வாங்கி வைச்ச பெற்றோல், மண்ணெண்ணெய் மிச்சம் எங்கயாவது மூலையில கிடக்கலாம், அதையும் தேடிப் பாருங்கோ. ஜெனரேட்டரும் கீழ ஓடக்கூடாது.

லைட் சுவிட்ச் படிக்கு மேல இருக்கவேணும், பிளக் தரையில இருந்து நாலடி உயரத்தில. ட்ரிப் சுவிட்ச் வேலை செய்யுதோ எண்டு அதில இருக்கிற டெஸ்ட் பட்டனை அமத்திப் பாருங்கோ.

தரையில தண்ணி போற ஓட்டை இருந்தா அது வெளி வடிகானை விடப் பதிவோ, அதாவது தாழ்வோ எண்டு பார்க்கவேணும். பதிவெண்டால் பெருமழைக்கு ஒழுங்கைத் தண்ணி அந்த வழியாலேயே உள்ள வரும். பிளம்பரிட்டச் சொல்லி நொன்-ரிட்டர்ன் வால்வு ஒண்டு பூட்டுவியுங்கோ. அடித்தட்டு 12 அங்குலம் எண்டது இதுக்கும்தான்.

பெட்டி விசயத்தில ஒரு எச்சரிக்கை. மூடியோட பிளாஸ்டிக் பெட்டி நல்லதுதான், ஆனால் ஈரத் துணியை அதுக்குள்ள மூடினா வெளியில விட்டதை விட வேகமாப் பூக்கும். வெயிலில காய வைச்சு, நிழலில ஆறவிட்டு, பிறகு மூடுங்கோ. பட்டுச் சேலைகளை அங்க வைக்கவே வேண்டாம். ஒரு தட்டுக்கு 17 அங்குல அகலப் பெட்டி இரண்டு பிடிக்கும், மூன்று இறாக்கைக்கு 24. எல்லாத்தையும் புதுசா வாங்கினா காசு அதோட முடிஞ்சுது. துணிக்கும் கடுதாசிக்கும் எட்டு வாங்குங்கோ. பித்தளைக்கும் கருவிகளுக்கும் கழுவின பெயின்ற் வாளி காணும், கொலுப் பொம்மைக்குப் பழைய பருத்திச் சீலை சுத்திப் பிஸ்கட் டின். பத்திரிகையால பொம்மையைச் சுத்தினா மை ஒட்டும். டேப்பில பேர் எழுதி ஒட்டினா ஈரத்துக்கு உரிஞ்சு விழும், பெட்டியிலேயே மார்க்கரால இரண்டு பக்கம் இலக்கம் போட்டு, விபரத்தைக் கொப்பியில எழுதுங்கோ.

வெறும் வாளி, பூச்சாடி, டயர் வெளியில எடுக்கேக்க மழைக்கு விடாதேங்கோ. 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தில வீட்டுக்காரருக்குத் தண்டம் இருக்கு. டெங்கு நுளம்பின்ர முட்டை காய்ஞ்ச வாளிச் சுவரிலயும் மாதக்கணக்கா உயிரோட கிடக்கும், அதால தண்ணியை ஊத்தினால் மட்டும் போதாது, உள்பக்கத்தைத் தேய்ச்சுக் கழுவவேணும்.

---

கடலோரம்06

சிலிண்டர் மேல போட்டுது. பொலித்தீன் பிரிச்சுப் பார்த்தன். தரையில இரண்டு பக்கமும் காய்ஞ்சு இருக்கு. சுவரில ஒட்டினதுகளில, குளியலறைக்கு நேர் கீழ இருக்கிற மூலையில மட்டும், உட்பக்கம் நல்லா நனைஞ்சிருக்கு.

---

சீமெந்துச்சாந்து

நல்ல செய்தி. மண் ஈரம் என்றால் முழுச் சுவரும் காட்டியிருக்கும், இது குழாய் அல்லது குளியலறைத் தண்ணீர்.

இரவில் எல்லாப் பைப்பையும் பூட்டி தண்ணீர் மீற்றரைப் பாருங்கள். முகத்தில் இருக்கிற சின்னச் சக்கரம் மெல்லச் சுற்றினால் மீற்றருக்கும் மேல் டாங்கிக்கும் இடையில் ஒழுக்கு இருக்கலாம். மிதவை வால்வு சரியாக மூடவில்லை என்றாலும் சுற்றும், அதையும் பாருங்கள். சுற்றாவிட்டால் டாங்கிக்குத் தண்ணீர் வருவதைப் பூட்டி, நீர் மட்டத்தை உட்பக்கம் குறித்துவிட்டுப் படுங்கள். காலையில் யாரும் பைப் திறக்குமுன் பாருங்கள். இறங்கியிருந்தால் டாங்கியிலிருந்து வரும் குழாய். இரண்டும் சரி என்றால் கழிவுக் குழாய் அல்லது குளியலறைத் தரை. உடுப்புக்குப் போடும் நீலத்தை ஒரு வாளித் தண்ணீரில் கடும் நிறமாகக் கரைத்து குளியலறை ஓட்டைக்குள் ஊற்றி, கீழே அந்த மூலையில் வெள்ளைக் கடுதாசி ஒட்டி ஒரு நாள் பாருங்கள். நீலம் தெரிந்தால் குழாய் மூட்டு. தெரியாவிட்டால் ஓட்டையை அடைத்து, தரையில் ஒரு அங்குலம் நீலத் தண்ணீர் தேக்கித் திரும்பச் செய்யுங்கள், அப்போது தெரிந்தால் தரை டைல்ஸ் இடுக்கு.

அது திருத்தின பிறகு அந்த மூலையைச் சுண்ணாம்பு அடிக்காமல் குறைந்தது ஒரு மாதம் காயவிடுங்கள். இறாக்கைக் கால் அந்த மூலைக்கு வராத மாதிரி வாசலிலிருந்து அளந்து தொடங்குங்கள்.